கோர் பெட்டியின் முன்னே: கனிமத் துறையில் ஒரு நிலவியலாளரின் தொடக்க ஆண்டுகள்

நிலவியல் படித்து முடித்துச் சுரங்கத் துறைக்குள் நுழைய விரும்பும் இளைஞர்கள் என்னிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டால் வேலை கிடைக்கும் என்பதுதான். நியாயமான கேள்விதான், அதற்கும் இந்தக் கட்டுரையில் பதில் சொல்கிறேன். ஆனால் இந்தத் தொழிலில் என்னை நிலைநிறுத்தியது மென்பொருள் அன்று. பூமிக்குள்ளிருந்து எடுத்து வந்து பெட்டியில் அடுக்கிய பாறையை உள்ளபடி பார்க்கவும், பார்த்ததை மட்டும் பார்த்தபடியே எழுதவும் கிடைத்த பயிற்சிதான் அது. அந்தப் பயிற்சி எனக்கு எப்படிக் கிடைத்தது, எங்கெங்கே தவறினேன் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

2011ஆம் ஆண்டு ஒரு தங்கத் தேடல் திட்டத்தில் இளநிலை நிலவியலாளராகச் சேர்ந்தேன். அந்த ஆண்டு செப்டம்பரில் தங்கம் ஓர் அவுன்சுக்கு 1,900 டாலரைத் தொட்டது. தேடல் நிறுவனங்கள் எல்லாம் துளையிடும் ரிக்குகளை இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்ததால், பட்டம் பெற்றவர்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்தார்கள். ஒரே ஒரு நேர்காணலில் வேலை கிடைத்துவிட்டதை அப்போது என் திறமைக்குக் கிடைத்த சான்றாக நினைத்தேன். அது தங்கத்தின் விலை தந்த வேலை என்பது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மலையேறி வரைபடம் தயாரிப்பேன் என்று எதிர்பார்த்துப் போனவனைக் கோர் ஷெட்டில் நிறுத்தினார்கள். வைரமுனை பொருத்திய குழாய் பாறையைக் குடைந்து எடுக்கும் உருளை வடிவத் துண்டுகளுக்குத்தான் கோர் என்று பெயர். எங்கள் திட்டத்தில் எடுத்தது பெரும்பாலும் என்.க்யூ. அளவு, அதாவது 47.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோர். மேற்பகுதியில் பாறை சிதைந்து மென்மையாக இருக்கும் இடங்களில் 63.5 மில்லிமீட்டர் எச்.க்யூ. அளவில் தொடங்கி, கெட்டிப் பாறை வந்ததும் குறைத்துக்கொள்வார்கள். நீண்ட தாழ்வாரம் போன்ற ஒரு கொட்டகையில், இடுப்பளவு உயர மேசைகளின் மீது பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த அந்தச் சாம்பல் நிற உருளைகளைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

என்னைப் பயிற்றுவித்த மூத்த நிலவியலாளர் முதல் வாரம் முழுவதும் என் கையில் லாகிங் தாளை, அதாவது கோரில் கண்டதை ஆழவாரியாகப் பதிவு செய்யும் தாளை, தரவே இல்லை. 210 மீட்டர் நீளமுள்ள ஒரு துளையின் கோர் முழுவதையும் வரிசையாக விரித்து வைக்கச் சொன்னார். பிறகு, "இப்போதைக்கு எழுத வேண்டாம். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் மூன்று தடவை நடங்கள். முதல் தடவை காய்ந்த நிலையில் பாருங்கள், அடுத்த தடவை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், மூன்றாம் தடவை சுண்ணக்கட்டியோடு வாருங்கள்" என்றார். மூன்றாம் தடவையில்தான் பாறை மாறும் இடங்களில் கோடு போட அனுமதி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்கச் சொன்னார்.

அதன் காரணம் சில மாதங்கள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. முதல் பெட்டியிலிருந்தே லென்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கைப்பிடி நீளத்தையும் ஆராய்ந்து எழுதுகிறவர், இரண்டு மணி நேரத்தில் நாற்பது பாறை வகைகளைக் கண்டுபிடித்துவிடுவார். தூர நின்று முழுத் துளையையும் பார்த்தவருக்கு அங்கே இருப்பவை நான்கு வகைகள்தாம் என்பதும், மீதி எல்லாம் அந்த நான்கும் வெவ்வேறு அளவில் வெளிறியும் சிவந்தும் பச்சை படர்ந்தும் மாறிய தோற்றங்கள் என்பதும் தெரியும். முழுத் துளையின் அமைப்பு மனத்தில் பதிந்த பிறகு லென்சை எடுத்தால்தான், அது காட்டும் சிறு விவரம் எந்தப் பெரிய கதையைச் சேர்ந்தது என்று சொல்ல முடியும்.

தண்ணீர் தெளிப்பதிலும் ஒரு பாடம் இருந்தது. காய்ந்த கோரில் வெடிப்புகளும் களிமண் படிந்த பரப்புகளும் நன்றாகத் தெரியும். நனைந்த கோரில் கனிமங்களின் நிறமும் மெல்லிய குவார்ட்ஸ் இழைகளும் துலங்கும். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து எழுதிய பதிவில் பாதிப் பாறை விடுபட்டிருக்கும். இன்றும் ஒரு கோரைப் படம் எடுக்கும்போது காய்ந்தும் நனைந்தும் இரண்டு படங்கள் எடுக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது வாரம் தாள் வந்தது. கண்ட விவரங்களுக்கு ஒரு பகுதியும் அவற்றிலிருந்து நாம் ஊகிப்பதற்கு இன்னொரு பகுதியும் அதில் தனித்தனியாக இருந்தன. "ஷியர் மண்டலம்" (பாறை உரசி நகர்ந்து நசுங்கிய பட்டை) என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் அவர் வட்டம் போட்டு, அங்கே என்ன பார்த்தேன் என்று கேட்டார். பச்சை நிறக் களிமண், கோரின் அச்சுக்கு ஏறத்தாழ 40 பாகையில் சாயும் மெல்லிய படலங்கள், நொறுங்கிய குவார்ட்ஸ் துண்டுகள் என்று வாயால் சொன்னேன். அதையே எழுதச் சொன்னார். பெயர் சூட்டுவது அடுத்த பகுதிக்குரிய வேலை. அன்று அது எனக்கு வெறும் பிடிவாதமாகப் பட்டது.

கனிமத்தை அடையாளம் காண்பதிலும் அதே ஒழுங்குதான். மஞ்சளாக மின்னுவதை எல்லாம் பார்த்தவுடன் பெயரிட்டுவிடக் கூடாது. எஃகு முனையால் கீறிப் பார்த்தால் சால்கோபைரைட் எளிதாகக் கீறுபடும், அதன் கடினம் 3.5 முதல் 4 வரைதான். பைரைட் 6 முதல் 6.5 வரை உள்ளதால் முனையை எதிர்த்து நிற்கும். தங்கமோ பொடியாகாமல் நசுங்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால்சைட் உடனே நுரைக்கும், டோலமைட் பொடி செய்தால்தான் தெளிவாக நுரைக்கும். கல்லூரியில் தேர்வுக்காகப் படித்த இவையெல்லாம் ஒரு நாளில் நூறு முறை கையால் செய்யும்போதுதான் நம்முடையவை ஆகின்றன. கீறும் முனை, லென்ஸ், அமிலப் புட்டி, ஒரு காந்தம் ஆகிய நான்கும் எட்டும் தூரத்தில் இல்லாமல் லாகிங் தொடங்கக் கூடாது என்பது நான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம்.

பாறையைப் போலவே, பெட்டியில் இல்லாத பாறையையும் பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பாடநூல்களில் நான் சரியாகப் படித்திருக்கவில்லை. துளையிடுவோர் வழக்கமாக 3 மீட்டர் துளையிட்டுக் குழாயை மேலே எடுத்து, கோரைப் பெட்டியில் வைத்து, ஆழத்தை எழுதிய கட்டையை இடையில் செருகுவார்கள். இரண்டு கட்டைகளுக்கு இடையே 3 மீட்டர் கோர் இருக்க வேண்டும். ஒரு நாள் அங்கே 1.9 மீட்டர்தான் இருந்தது. மீதி 1.1 மீட்டர், மென்மையாக இருந்ததால் துளையிடும் நீரோடு கரைந்து போயிருந்தது. நான் இருந்ததை நீட்டி அளந்து, இடைவெளியை நிரவி எழுதிவிட்டேன்.

மூத்தவர் என்னை ரிக்குக்கு அழைத்துப்போய், அந்த ஆழத்தில் என்ன நடந்தது என்று டிரில்லரிடம் கேட்கச் சொன்னார். அந்த மூன்று மீட்டரில் குழாய் திடீரென்று வேகமாக இறங்கியதையும், திரும்பி வரும் நீர் பாதியாகக் குறைந்து பச்சை நிறமாக வந்ததையும், சத்தம் மாறியதையும் அவர் நேரம் முதற்கொண்டு சொன்னார். பாறையைப் பற்றி நான் ஷெட்டில் உட்கார்ந்து அறிந்ததைவிட அதிகமாக அவர் நெம்புகோலில் கைவைத்தே அறிந்திருந்தார். தங்கம் பல இடங்களில் இப்படி நொறுங்கி மென்மையான பட்டைகளிலேயே தங்கியிருக்கும். ஆகவே முதலில் கழுவிப்போவது நாம் தேடிவந்த பகுதியாகவே இருக்கக் கூடும். 1.1 மீட்டர் இழப்பை மறைத்தால், கிடைத்த 1.9 மீட்டரின் தரத்தை 3 மீட்டர் முழுவதற்கும் ஏற்றிவிடுகிறோம். அது உண்மையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். எந்தப் பக்கம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அன்று முதல் ஒவ்வொரு ஷிப்டு மாறும்போதும் டிரில்லரிடம் ஐந்து நிமிடம் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். இளம் நிலவியலாளர்கள் இந்த ஐந்து நிமிடத்தைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். டிரில்லர்களை ஒப்பந்தப் பணியாளர்கள் என்று தள்ளி நிறுத்துகிறவர்கள் தங்கள் கண்ணில் ஒன்றை இழந்துவிடுகிறார்கள்.

கோர் மீட்பு அளவோடு ஆர்.க்யூ.டி. என்ற அளவையும் எடுப்போம். 1960களில் டான் டீர் வகுத்த முறை அது: குழாய் ஒரு முறை மேலே கொண்டுவரும் நீளத்தில் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கெட்டித் துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, மொத்த நீளத்தின் விழுக்காடாகச் சொல்வது. பெட்டியில் பொருத்துவதற்காகச் சுத்தியலால் உடைத்ததை எல்லாம் இயற்கை வெடிப்பாக எண்ணிவிடக் கூடாது. அலுப்பான வேலைதான். ஆனால் பிற்காலத்தில் சுரங்கச் சுவரின் சாய்வுக் கோணத்தை முடிவு செய்யும் பொறியாளர் இந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்.

சாய்கோணத்தையும் அப்படித்தான் நான் முதலில் அலட்சியமாக எண்ணியிருந்தேன். ஒரு குவார்ட்ஸ் நாளத்தைத் துளை 10 மீட்டர் நீளத்துக்குக் கடந்திருக்கிறது என்றால், அந்த நாளம் 10 மீட்டர் தடிமன் என்று பொருளில்லை. நாளம் கோரின் அச்சோடு 30 பாகையில் சாய்ந்திருந்தால் உண்மைத் தடிமன் 5 மீட்டர்தான். நான் கோணத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதிய ஒரு துளையை மறுபடி அளந்தபோது, தடிமன் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதன் பிறகு கோணமானி இல்லாமல் ஒரு கோணத்தையும் நான் எழுதியதில்லை.

இனி, நான் இன்றும் மறக்காத தவற்றைச் சொல்கிறேன். கோர் எடுக்காமல் பாறையைப் பொடியாக்கிக் காற்றழுத்தத்தால் மேலே கொண்டுவரும் ஆர்.சி. முறையில், மீட்டருக்கு ஒரு மாதிரி எடுப்போம். ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ பொடி வரும். அது பிரிப்பான் வழியாக இறங்கி, சுமார் 3 கிலோ எண் அச்சிட்ட துணிப் பைக்குள் விழும். ஆய்வகம் அதிலிருந்து இறுதியாக உருக்கிப் பார்ப்பது 50 கிராம்தான். எந்தெந்த எண்ணுள்ள பையில் பாறைக்குப் பதிலாகத் தரம் தெரிந்த சான்று மாதிரியை வைக்க வேண்டும், எதில் தங்கமே இல்லாத வெற்று மாதிரியை வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் இருக்கும். ஆய்வகத்துக்கு எது சான்று, எது பாறை என்று தெரியாது. ஆய்வகத்தையும் நம்மையும் ஒருசேரச் சோதிக்கும் ஏற்பாடு அது.

அது இரவு ஷிப்டு. மழைத் தூறலில் பைகள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. 1047ஆம் எண் பையை எடுக்க வேண்டிய இடத்தில், அதனோடு ஒட்டியிருந்த 1048ஐ எடுத்துப் பிரிப்பானில் மாட்டிவிட்டேன். எண்ணைப் படிக்கவில்லை. அங்கிருந்து எல்லா மாதிரியும் ஓர் எண் தள்ளிப் போயிற்று. 1060இல் வைக்க வேண்டிய சான்று மாதிரியையும் பட்டியலில் இருந்த எண்ணைப் பார்த்து வைக்காமல் மீட்டரை எண்ணி வைத்ததால், அது 1061க்குள் போனது. 1061இல் இருக்க வேண்டிய வெற்று மாதிரி 1062க்குள் போனது. காலையில் மிஞ்சிக் கிடந்த 1047ஆம் எண் காலிப் பையும் மற்றவற்றோடு சேர்ந்து மூட்டைக்குள் போய்விட்டது.

மூன்று வாரங்கள் கழித்து முடிவுகள் வந்தன. 1047ஆம் எண் பை காலியாக வந்தது என்று ஆய்வகம் குறிப்பு எழுதியிருந்தது. சான்று மாதிரிக்கு உரிய வரியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தங்கமே இருக்கக் கூடாத வெற்று மாதிரியின் வரியில் நல்ல தரம். ஆய்வகம் மாதிரிகளைக் கலந்துவிட்டது என்று உறுதியாக நம்பி, அவர்களுக்குக் கடுமையாக ஒரு மின்னஞ்சலும் எழுதி வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன் மூத்தவரிடம் காட்டினேன். அவர் மின்னஞ்சலைப் படிக்கவில்லை. முடிவுத் தாளை எடுத்து, சான்று மாதிரியின் உறுதிப்பட்ட மதிப்பை மேலே பென்சிலால் எழுதி, விரலை மெதுவாகக் கீழே நகர்த்தி 1061இல் நிறுத்தினார். இரண்டாம் தசம இடம் வரை அதே எண் அங்கே இருந்தது. அதற்கு அடுத்த வரியில் தங்கம் அளவிடத்தக்க எல்லைக்குக் கீழே. "எல்லாம் ஒரு வரி இறங்கியிருக்கிறது. எங்கே இறங்கத் தொடங்கியது என்று பாருங்கள்" என்றார். காலிப் பையின் எண்ணைப் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஒரு மீட்டர் தள்ளிப்போவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். தாதுக்கும் கழிவுப் பாறைக்கும் நடுவிலுள்ள எல்லை அந்தத் துளையில்தான் இருந்தது. சேமித்து வைத்திருந்த மீதிப் பொடியிலிருந்து அந்தப் பகுதி முழுவதற்கும் மறுபடி மாதிரி எடுத்து அனுப்பினோம். தவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டு, தரவுத்தளத்தில் பழைய எண்களை அழிக்காமல், அவை ஏன் தள்ளப்பட்டன என்ற குறிப்போடு விட்டுவைத்தோம். என்னை யாரும் திட்டவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து ரிக்கில் புதிய நடைமுறை வந்தது: பையை மாட்டுகிறவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், பதிவேட்டை வைத்திருப்பவர் எண்ணையும் ஆழத்தையும் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும், இருபது மீட்டருக்கு ஒரு முறை நின்று, குழாய்களை எண்ணி, கடைசிப் பையின் எண் ஆழத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். தவறு நேர்ந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொல்வதற்குள் அந்த எண் மூன்று வரைபடங்களுக்குள் போய்விட்டிருக்கும்.

மாதிரியை இவ்வளவு கட்டிக்காப்பது எதற்கு என்ற ஐயம் வருகிறவர்கள் பூசாங் தங்க மோசடி பற்றிப் படிக்க வேண்டும். இந்தோனேசியாவின் போர்னியோ பகுதியில் மாபெரும் தங்கப் படிவு கிடைத்திருப்பதாகக் கனடாவைச் சேர்ந்த பிரி-எக்ஸ் நிறுவனம் 1990களில் அறிவித்தது. 1997 மே மாதத்தில் தற்சார்பான ஆய்வு, மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்ததை உறுதிப்படுத்தியது. வழக்கமாகக் கோரை நீளவாக்கில் அறுத்து ஒரு பாதியைப் பெட்டியிலேயே வைத்திருப்போம். பூசாங்கில் முழுக் கோரையும் நொறுக்கி அனுப்பிவிட்டார்கள். மறுபரிசோதனைக்குப் பாறையே இல்லை. கனடாவில் 2001இல் நடைமுறைக்கு வந்த என்.ஐ. 43-101 என்ற கனிமத் திட்ட அறிக்கை விதிகளுக்குப் பின்னால் அந்த மோசடியின் அதிர்ச்சி இருந்தது. கோர் ஷெட்டில் தூசி படிந்து கிடக்கும் பாதிக் கோர்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்தத் துறையின் நம்பகத்தன்மை அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

2013இல் தங்கத்தின் விலை சரிந்தது. ஏப்ரலில் இரண்டே நாட்களில் 200 டாலருக்கு மேல் விழுந்து, ஆண்டு முடிவில் 1,200 டாலர் அருகில் வந்து நின்றது. தேடல் நிறுவனங்களுக்கு வருமானம் கிடையாது. பங்குச் சந்தையில் திரட்டிய பணத்தில்தான் துளையிடுகிறார்கள். பணம் வற்றினால் முதலில் நிற்பது ரிக், அடுத்து வெளியே போவது இளநிலை நிலவியலாளர். எனக்கும் அதுதான் நடந்தது. ஐந்து மாதங்கள் வேலையில்லாமல் இருந்தேன். அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றியது முந்தைய நல்ல ஆண்டுகளில் சேர்த்திருந்த சிறு சேமிப்பு. விலை உச்சத்தில் இருக்கும்போது இந்தத் துறையில் நுழைகிறவர்கள், சம்பளத்தில் குறைந்தது ஆறு மாதச் செலவுக்கானதைத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்பதை அறிவுரையாகவே சொல்கிறேன்.

அடுத்துக் கிடைத்தது இயங்கிக்கொண்டிருந்த ஒரு நிலத்தடிச் சுரங்கத்தில் தரக் கட்டுப்பாட்டு வேலை. தேடலில் இருந்தவர்கள் பலர் இதைச் சலிப்பான வேலை என்பார்கள். என் மதிப்பீட்டில், தொழிலைத் தொடங்குகிறவர் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் ஓராண்டாவது செய்தே ஆக வேண்டிய வேலை அது. தேடலில் நம் ஊகம் சரியா என்று தெரியப் பல ஆண்டுகள் ஆகும்; சில துளைகளின் கதை கடைசிவரை தெரியாமலே போகும். சுரங்கத்தில் காலையில் முகப்பை, அதாவது வெட்டிக்கொண்டிருக்கும் பாறைச் சுவரை, வரைந்து, தாது இதுவரை, கழிவு இதற்கு மேல் என்று சிவப்புச் சாயத்தால் கோடு இடுகிறோம். வெடித்த பாறை ஆலைக்குப் போகிறது. சில நாட்களில் ஆலை உண்மையில் எவ்வளவு உலோகத்தை மீட்டது என்ற கணக்கு நம் மேசைக்குத் திரும்பி வருகிறது. என் முதல் மூன்று மாதக் கணக்கில் நான் கணித்த தரம் ஆலையின் தரத்தைவிடத் தொடர்ந்து கூடுதலாகவே இருந்தது. உயர் தரம் காட்டிய சில மாதிரிகளை அவற்றைச் சூழ்ந்த பெரும் பாறைத் தொகுதி முழுவதற்கும் நம்பியதுதான் காரணம். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் சுரங்கங்களில் டேனி கிரிகே 1950களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்த சிக்கல் இது. மாதிரியில் மிக உயர்வாகத் தெரிந்த தொகுதிகள் வெட்டியெடுத்தபோது தாழ்ந்தே வந்தன. சுற்றியுள்ள மாதிரிகளை எடையிட்டு ஒரு தொகுதியின் தரத்தை மதிப்பிடும், அவர் பெயரால் வழங்கும் கிரிகிங் முறையை ஜார்ஜ் மதெரோன் கணிதமாக வளர்த்தெடுத்தார். கல்லூரியில் எனக்குச் சூத்திரமாக மட்டும் இருந்த அந்த முறை எதற்காகத் தோன்றியது என்பதை, ஆலையின் கணக்கு என்னை மூன்று முறை திருத்திய பிறகு உணர்ந்தேன்.

சுரங்கத்தில் கற்ற இன்னொன்று உயிரோடு தொடர்புடையது. வெடித்து முடிந்து, தளர்ந்த பாறைகளைத் தட்டி இறக்கி, கூரைக்கு ஆணிகளும் வலையும் அடிப்பதற்கு முன் முகப்பின் அருகே யாரும் போகக் கூடாது. ஒருநாள் புதிதாகத் திறந்த முகப்பில் குவார்ட்ஸ் நாளம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. கடைசி வரிசை ஆணிகளுக்கு அப்பால் இரண்டே அடி. சுத்தியலோடு காலை எடுத்துவைத்தேன். பின்னால் நின்ற, ஜம்போ என்ற துளையிடும் இயந்திரத்தின் இயக்குநர் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். அவர் என்னிடம் எதுவும் விளக்கவில்லை. தன் விளக்கை மேலே திருப்பிக் கூரையில் இருந்த ஒரு விரிசலைக் காட்டினார். மறுநாள் அதே இடத்தில் பாறை தட்டி இறக்கியபோது என் உடலைவிடப் பெரிய பலகை ஒன்று விழுந்தது. இப்போதும் எந்த முகப்பிலும் நான் முதலில் பார்ப்பது கூரையைத்தான், அதன் பிறகே தாது. எந்த மாதிரிக்காகவும் ஆணியிடாத கூரையின் கீழ் போகாதீர்கள். போகச் சொல்கிற மேலாளர் இருந்தால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

வேலை தேடுகிறவர்கள் எந்த நிறுவனம் பெரியது என்று பார்ப்பதைவிட, தங்கள் லாகிங்கை யார் திருத்தப் போகிறார் என்று பார்க்க வேண்டும். நேர்காணலில் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் எளியவை. களத்தில் மூத்த நிலவியலாளர் எத்தனை நாட்கள் இருப்பார்? ஒரு புதியவர் முதல் மூன்று மாதங்களில் என்ன செய்வார்? சான்று மாதிரிகளின் முடிவை யார் பார்க்கிறார்? இரண்டு வாரம் களத்திலும் ஒரு வாரம் வீட்டிலும் என்பது போன்ற சுழற்சியில், பயண நாள் எந்தக் கணக்கில் சேரும்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் உறக்கமும் குடும்பமும் அதில்தான் இருக்கின்றன.

முதல் நாளிலிருந்தே ஒரு தனிப் பதிவேட்டைத் தொடங்குவதும் முக்கியம். எந்த வகைப் படிவில், எந்தப் பணியில், எத்தனை மாதம் என்று அதில் எழுதிவர வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1989இல் முதன்முதலாக வெளியான ஜோர்க் விதித்தொகுப்பின்படி, கனிம வள அறிக்கைக்குப் பொறுப்பேற்கும் தகுதியாளருக்கு அந்த வகைப் படிவிலும் அந்த வகைப் பணியிலும் குறைந்தது 5 ஆண்டுகள் தொடர்புள்ள அனுபவம் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறை அமைப்பு ஒன்றில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். பத்து ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், தன் அனுபவத்தை எந்த வகைப் படிவுக்கும் ஐந்து ஆண்டாகக் கூட்டிக் காட்ட முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மாணவர் உறுப்பினர் கட்டணம் குறைவாக இருக்கும்போதே ஏதேனும் ஓர் அமைப்பில் சேர்ந்துவிடுவது நல்லது.

மென்பொருளுக்கு வருகிறேன். முதலில், இலவசமாகக் கிடைக்கும் க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருள். ஆயங்கள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) எந்த அடிப்படையில், எந்த மண்டலத்தில் எடுக்கப்பட்டன என்ற தெளிவோடு அதைக் கற்க வேண்டும், ஏனெனில் துளையின் வாய் வரைபடத்தில் நூறு மீட்டர் தள்ளி விழுந்த திட்டங்கள் உண்டு. அடுத்து, தரவைச் சோதிக்கும் அளவுக்குப் பைத்தான். படிவை முப்பரிமாணத்தில் வரையும் லீப்ஃப்ராக், சர்பாக், டேட்டாமைன் போன்ற மென்பொருள்களை நிறுவனமே கற்றுத்தரும். எது கையில் வந்தாலும் சில வாரங்களில் பழகிவிடும்.

படிக்க வேண்டிய பழைய ஆய்வுகளையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் அரிசோனாவில் சான் மானுவல் என்ற போர்ஃபிரி தாமிரப் படிவு (பெரும் பாறைத் திரளில் தாமிரம் சிதறிக் கிடக்கும் வகை) இருந்தது. தாதுவைச் சூழ்ந்து பாறை எப்படி எப்படி மாறியிருக்கிறது என்பதை டேவிட் லோவல் வளையம் வளையமாகப் பிரித்துப் பார்த்தபோது, வளையங்கள் பாதியோடு நிற்பதைக் கண்டார். மறுபாதியைப் பிளவுப்பெயர்ச்சி வெட்டி நகர்த்தியிருக்க வேண்டும் என்று ஊகித்து, அது இருக்கக் கூடிய இடத்தை ஆழத்தில் துளையிட்டு 1965இல் கலமசூ படிவைக் கண்டறிந்தார். அவரும் ஜான் கில்பர்ட்டும் 1970இல் வெளியிட்ட அந்த மாற்ற வளையங்களின் மாதிரி இன்றும் பாடமாக இருக்கிறது. அந்தக் கண்டுபிடிப்பு, தாது இல்லாத கோர்களிலும் பாறை மாற்றத்தைப் பொறுமையாக எழுதிவைத்த பதிவுகள் இருந்தால்தான் சாத்தியம். தரமில்லாத துளை என்று வேகமாக லாகிங் முடிக்கிறவர்களுக்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

ஒரு நிலத்துக்குள் சுரங்கத் துறையின் சார்பில் முதலில் காலடி வைக்கிறவர் பெரும்பாலும் நிலவியலாளர்தான். அங்கே வாழ்கிறவர்களிடம் அனுமதி கேட்கும் முறையும் அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் முறையும் நம்மிடமிருந்தே தொடங்குகின்றன. 2020 மே மாதத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டு மனித வாழ்க்கையின் தடயம் கொண்ட பாறைக் குகைகள் இரும்புத் தாதுச் சுரங்க விரிவாக்கத்துக்காக வெடித்துத் தகர்க்கப்பட்டன. சட்டப்படி அனுமதி இருந்தது. நிலத்துக்கு உரிய மக்களின் குரல் முடிவெடுத்தவர்களிடம் சென்று சேரவில்லை. களக் குறிப்பேட்டில் பாறையை எழுதுவதைப் போலவே, அங்கே வாழும் முதியவர் ஒருவர் ஒரு மரத்தையோ ஊற்றையோ காட்டி அங்கே போக வேண்டாம் என்று சொன்னால் அதையும் நாளோடும் ஆயத்தோடும் எழுதிவையுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் தொடங்கிய அந்தத் தேடல் திட்டத்தை வேறொரு நிறுவனம் வாங்கி, பழைய கோர்களை மறுபடி ஆராய என்னை அழைத்தது. பெட்டிகளில் பாதி சிதைந்திருந்தன. சில கட்டைகளில் ஆழம் அழிந்துவிட்டது. என் கையெழுத்தில் இருந்த லாகிங் தாள்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். புதிய குழுவின் இளம் நிலவியலாளர் ஒருவர், துளைகளை முப்பரிமாணத்தில் இணைத்துப் பார்த்தபோது தங்கம் இருக்கும் பட்டை நான் "ஷியர் மண்டலம்" என்று பெயரிட்டிருந்த திசையில் போகவே இல்லை என்பதைக் காட்டினார். தங்கப் பட்டை, அந்த மண்டலத்தைக் குறுக்காக வெட்டிச் செல்லும் பிற்கால நிலப்பிளவு ஒன்றோடு ஒட்டியிருந்தது. ஊகப் பகுதியில் நான் எழுதியிருந்தது பெரும்பாலும் தவறு. அந்தப் பிளவை எப்படிப் பின்தொடர்ந்தீர்கள் என்று கேட்டேன். கண்ட விவரங்களின் பகுதியில், ஆறு துளைகளில், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறான ஆழத்தில் நான் எழுதியிருந்த ஒரே வரியை அவர் மஞ்சள் மையால் அடையாளம் செய்து வைத்திருந்தார்: "பச்சைக் களிமண், கோர் இழப்பு, நீர் பாதியாகக் குறைந்தது என்று டிரில்லர் கூறினார்." ஏழாவது துளையில் அந்த வரி இல்லை. அது மூத்தவர் என்னை ரிக்குக்கு அழைத்துப்போவதற்கு முன், இடைவெளியை நிரவி நான் எழுதிய துளை.